பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம். ஜோகேந்திரநாத் மண்டலைப் பற்றிப் பலரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் அவர்தான். 1904இல் கிழக்கு வங்காளத்தின் பாரிசால் மாவட்டத்தில், நாமசூத்திரர் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். ஒரு தலித் தலைவர், பாகிஸ்தானைக் கோரிய முஸ்லிம் லீக்கோடு ஏன் சேர்ந்தார்? அந்த ஊர் வயல்களைப் பார்த்தால் புரியும். நிலம் பெரும்பாலும் மேல்சாதி இந்து ஜமீன்தார்களிடம் இருந்தது. அதில் பாடுபட்ட குடியானவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களும் நாமசூத்திரர்களும். குத்தகையும் கடனும் இருவர் கழுத்தையும்தான் நெரித்தன. ஆகவே அரசியலிலும் இவர்கள் சேர்ந்து நிற்கலாம் என்று மண்டல் நம்பினார்.

1937இல் பொதுத் தொகுதியில் சுயேச்சையாக வென்று வங்காளச் சட்டமன்றத்துக்குள் வந்தார். 1943இல் நாஜிமுதீன் அமைச்சரவையிலும், 1946இல் சுஹ்ரவர்தி அமைச்சரவையிலும் இடம்பெற்றார். பம்பாயில் வழி அடைபட்டிருந்த அம்பேத்கர் 1946இல் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானாரே, அதற்கு ஓட்டுத் திரட்டியதில் மண்டலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டு டெல்லியில் அமைந்த இடைக்கால அரசுக்கு லீக்கின் சார்பில் அதன் தலைவர் ஜின்னா மண்டலை அனுப்பினார்.

1947 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியது. தற்காலிகத் தலைவராக அதை நடத்தியவர் மண்டல். மறுநாள் ஜின்னா, குடிமக்களின் மதத்துக்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் பேசினார். டெல்லியில் அம்பேத்கர், கராச்சியில் மண்டல்: இரு நாடுகளின் முதல் சட்ட அமைச்சர்களும் தலித்துகள்.

ஆனால் கராச்சியில் சட்ட அமைச்சர் இருந்தார், அரசியலமைப்புச் சட்டம் இல்லை. அது நிறைவேற 1956 வரை ஆனது. 1948 செப்டம்பரில் ஜின்னா காலமானதும் அவர் கொடுத்த வாக்கைத் தாங்கிப்பிடிக்க எழுத்தில் எதுவும் இல்லை. 1949இல் இஸ்லாமிய நெறிகளை முன்னிறுத்தும் குறிக்கோள் தீர்மானம் வந்தது. 1950 பிப்ரவரியில் கிழக்கு வங்காளத்தில் கலவரம் வெடித்தது. மண்டலின் சொந்த மாவட்டமான பாரிசாலும் தப்பவில்லை. கொல்லப்பட்டவர்களிலும் ஊரைவிட்டு ஓடியவர்களிலும் அவரை நம்பிய நாமசூத்திரர்களும் இருந்தார்கள்.

அந்த அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து பிரதமர் லியாகத் அலி கானுக்கு நீண்ட கடிதம் எழுதிப் பதவி விலகினார். நடந்த கொடுமைகளை அதில் இடம் குறிப்பிட்டே அடுக்கியிருந்தார். அதன்பின் இந்தியாவில் தேர்தல்களில் நின்றும் வெல்லவில்லை. அகதிகளுக்காக உழைத்து 1968இல் மறைந்தார்.

அவரை ஏமாளி என்றோ துரோகி என்றோ ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உழுபவர்களை ஒன்றுசேர்க்க நினைத்தது நியாயமான நினைப்பு. அந்த ஒற்றுமைக்குச் சட்டத்தின் காவல் கிடைக்கும் முன்பே, ஒரு தலைவரின் சொல்லை நம்பி ஒரு சமூகம் தன் உயிரை ஒப்படைக்க நேர்ந்தது. சிறுபான்மையினரின் பாதுகாப்பு யாருடைய ஆயுளையும் நம்பி இருக்கக் கூடாது. மண்டலின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்க வேண்டியது அதுதான்.