‘டு’வா, ‘ஆன்’னா, ‘ஆஃப்’பா?

தமிழ் வழியில் இயற்பியல் பயின்று, கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறும் மாணவர் பலரை இடறச் செய்பவை கலைச்சொற்கள் மட்டுமல்ல. பெயரடையை அடுத்து வரும் ‘டு’, ‘ஆன்’, ‘ஆஃப்’ முதலிய சிறு முன்னிடைச்சொற்களும்தாம். விடை தெரிந்திருந்தும் எழுதத் தயங்கி நிற்பர்.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். சிறு வீச்சில் அதன் அலைவு நேரம் நீளத்தைச் சார்ந்தது. குண்டின் நிறையைச் சாராதது. தமிழில் இரண்டிற்கும் ‘ஐ’ உருபே வருகிறது. ஆங்கிலத்திலோ முன்னது ‘டிபெண்டன்ட் ஆன்’. பின்னது ‘இண்டிபெண்டன்ட் ஆஃப்’. ஏன் இந்த வேறுபாடு? ‘டிபெண்டன்ட்’, ‘பெண்டுலம்’ ஆகிய இரண்டுமே தொங்குதல் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ என்பதற்கு ‘விலகி’ என்ற பொருள் உண்டு. பற்றித் தொங்குவதற்கு ‘ஆன்’, விலகி நிற்பதற்கு ‘ஆஃப்’ என நினைவிற் கொள்ளலாம் அல்லவா?

இனி, அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. 1 மீட்டர் ஊசலுக்கு ஏறத்தாழ 2 வினாடி; 4 மீட்டர் ஊசலுக்கு 4 வினாடி. இங்கே ‘கு’ உருபு; ஆங்கிலத்தில் ‘புரப்போர்ஷனல் டு’. சமம், இணை, செங்குத்து ஆகியவையும் அவ்வாறே: ‘ஈக்வல் டு’, ‘பேரலல் டு’, ‘பெர்பெண்டிகுலர் டு’.

ஆனால் உருபை மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘இதைப் போன்றது’ என்பதில் ‘ஐ’ இருந்தும், ஆங்கிலத்தில் ‘சிமிலர் டு’ என்றே எழுத வேண்டும். ஆகவே பெயரடையைத் தனியே மனப்பாடம் செய்யாமல், அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதிப் பழகுங்கள்.