புல்நுனிப் பனி வானிலிருந்து விழுவதில்லை

பெங்களூரு: ஸ்ரீராம்புரத்தில் மார்கழிக் காலையில் புல்லை நனைத்திருக்கும் பனித்துளி வானிலிருந்து பெய்வதன்று. மேகமற்ற இரவில் புல் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்கிறது. 'பனிப்புள்ளி' எனப்படும் வெப்பநிலைக்கு அது இறங்கியதும், காற்றிலுள்ள நீராவி இலைமேல் நீராகப் படிகிறது. மேகம் மூடினாலோ, காற்று பலமாக வீசினாலோ பனி குறையும். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் இதை விளக்கினார்.

நுனியில் மட்டும் முத்தாக நிற்கும் துளி பல நேரங்களில் பனியே அன்று; வேர் உறிஞ்சிய நீரை இலையே கசியவிடுவது.

அழகு ஒருபுறமிருக்க, கோலார் தக்காளி விவசாயிகளுக்குப் பனி கவலைதான். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் இலைக்கருகல் நோய்க்கிருமி முளைத்துப் பரவும். எனவே, மாலையில் இலைமேல் நீர் தெளிக்காமல் வேருக்கு மட்டும் பாய்ச்சுவது நல்லது.