தகட்டின் அதிர்வும் தோராயக் கணக்கும்

மெல்லிய தகடு ஒன்று எந்தெந்த அதிர்வெண்களில் அதிரும் என்பது அதன் தடிமன், பரப்பு, எடை, விறைப்பு ஆகியவற்றோடு, விளிம்புகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. நான்கு விளிம்பிலும் வெறுமனே தாங்கப்பட்ட செவ்வகத் தகட்டுக்குச் சைன் சார்புகளே துல்லியமான விடையைத் தந்துவிடும். விளிம்புகளை இறுகப் பற்றிவிட்டாலோ முழுக்கக் கட்டற்று விட்டாலோ அந்த வசதி போய்விடுகிறது.

தகட்டின் மேல் மணலைத் தூவி வில்லால் இழுத்து, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்குவதை 1787-இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி நூலாக வெளியிட்டார். அதற்குக் கணிதம் தேடிய சோஃபி ஜெர்மெய்னுக்கு 1816-இல் பாரிஸில் பரிசு கிடைத்தது. விளிம்பு நிபந்தனைகளை 1850-இல் கிர்க்காஃப் சரிசெய்தார். ஆனாலும் கட்டற்ற சதுரத் தகட்டுக்கு எண்களாக விடை கண்டவர் சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ரிட்ஸ். ஆண்டு 1909, 31 வயதில் அவர் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

ரிட்ஸுக்கு முன்பே ராலே பிரபு கையாண்ட வழி எளியது. உராய்வு இல்லாத அதிர்வில் வளைவு ஆற்றலின் உச்சமும் இயக்க ஆற்றலின் உச்சமும் சமம். ஆகவே அதிர்வு வடிவத்தை ஊகித்து, இரண்டையும் கணக்கிட்டுச் சமன்செய்தால் அதிர்வெண் வந்துவிடும். ஊகித்த வடிவத்தில் உள்ள பிழை சிறிதானால், அதிர்வெண்ணில் அதன் வர்க்க அளவுக்கே பிழை தங்கும். முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நான்கு புறமும் இறுகப் பற்றிய சதுரத் தகட்டுக்கு, விளிம்பில் மதிப்பும் சாய்வும் பூச்சியமாகும் ஒரே ஒரு பல்லுறுப்புக் கோவையை எடுத்தால், அடிப்படை அதிர்வைக் குறிக்கும் பரிமாணமற்ற எண் 36.00 என வரும். நுட்பமான கணக்கு தருவது 35.99. அடிப்படை அதிர்வெண் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே வரும். ஊகித்த வடிவத்துக்குள் அடைக்கப்பட்ட தகடு உள்ளதைவிட விறைப்பாகிவிடுகிறது. ரிட்ஸ் பல சார்புகளைக் கலந்து, ஆற்றல் விகிதம் மிகக் குறையுமாறு கெழுக்களைத் தேர்ந்தார். அதே எண்ணத்தைச் சிறுசிறு துண்டுகளில் செய்வதே இன்றைய முடிவுறு உறுப்பு முறை. தகைவுக்கு மட்டும் இந்தத் தாராளம் இல்லை: வளைவு இரண்டாம் வகைக்கெழு என்பதால் அங்கே ஊகத்தின் குறை பெரிதாகத் தெரியும்.

அதிர்வெண் தெரிந்தபின், வெளி விசைக்குத் தகடு எவ்வளவு ஆடும் என்று காண, ஒவ்வொரு வடிவத்தையும் வில்சுருளில் தொங்கும் எடையாகக் கொண்டு விடைகளைக் கூட்டுவர். ஒத்ததிர்வுக்கு அருகே வீச்சைத் தீர்மானிப்பது தணிப்பு. அதைப் பெரும்பாலும் அளந்துதான் பெற வேண்டியிருக்கிறது.

உயர் அதிர்வெண்களில் வடிவங்கள் நெருங்கிக் குவிகின்றன. தனித்தனியே கூட்டுவதில் பயனில்லை. ராக்கெட் ஓசைக்கு ஆளாகும் உடற்தகடுகளுக்காக 1960-களில் வளர்ந்த புள்ளியியல் ஆற்றல் முறை, பாகம் பாகமாக ஆற்றல் வரவு செலவை மட்டும் பார்க்கிறது. சராசரி வீச்சை அது சொல்லும். குறிப்பிட்ட ஓர் ஆணிக்கருகே எவ்வளவு என்று சொல்லாது.