மைனஸ் 40 டிகிரியில் ஹைபிரிட் கார் ஓடுமா?



மார்கழி மாசம் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தா ஒரு சொட்டுகூட விழாது. நமக்கு இந்தக் குளிரே பெரிசு! அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஃபேர்பேங்க்ஸ் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் அங்கே சில நாள் மைனஸ் 40 டிகிரி வரைக்கும் இறங்கிவிடும். நடுவழியில் கார் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில் பேட்டரியையும் நம்பி ஓடுகிற ஹைபிரிட் கார் என்ன ஆகும்? பார்ப்போமா?

ஹைபிரிட் என்றால் என்ன?

ஒரே காரில் பெட்ரோல் இன்ஜின், மின்சார மோட்டார் இரண்டும் இருக்கும். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான் பெருமளவில் தயாரான முதல் ஹைபிரிட் கார். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றல் மின்சாரமாக மாறி பேட்டரிக்குப் போகும். அதனால்தான் பெட்ரோல் மிச்சமாகிறது.

குளிர் என்ன செய்கிறது?

1. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மெதுவாகும், அகமின்தடை கூடும். மின்சாரத்தைக் கொடுக்கவும் திணறும், வாங்கவும் திணறும். பிரேக் போட்டுக் கிடைப்பதை முழுசா சேமிக்க முடியாது. ஆனால் பேட்டரி செத்துப்போகலை! சூடு ஏறினால் பலம் திரும்பிவிடும்.

2. இன்ஜினுக்கு ஓய்வே கிடையாது. காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேண்டிய வெப்பம் இன்ஜினிலிருந்துதான் வருகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் சூடா இருந்தாத்தான் வேலை செய்யும். அதனால் கார் நின்றாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

3. நம்ம தேங்காய் எண்ணெய் கதைதான். இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். டயரில் காற்றழுத்தமும் குறையும். இது எல்லா கார்களுக்கும் பொது.

ஒரு கணக்கு போடுவோம்

மைனஸ் 7 டிகிரியில், நகரத்துக்குள் ஓட்டும்போது, சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஹைபிரிட் காருக்கோ 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம்! லிட்டருக்கு 12 கி.மீ. தரும் பெட்ரோல் கார் ஒன்று, 20 கி.மீ. தரும் ஹைபிரிட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குளிரில் முதல் கார் 10.2 கி.மீ. தரும். இரண்டாவது காருக்கு 34 சதவீதம் குறைந்தாலும் 13.2 கி.மீ. தரும். ஆக, நஷ்டம் ஹைபிரிட்டுக்குத்தான் அதிகம். ஆனாலும் அதுதான் முன்னால் நிற்கிறது!

ஸ்டார்ட் ஆகுமா?

பிரியஸ் மாதிரி கார்களில் இன்ஜினைச் சுழற்றுவது சின்ன ஸ்டார்ட்டர் இல்லை. பெரிய பேட்டரியில் ஓடும் பலமான மோட்டார். அதனால் அந்தப் பேட்டரி மிகவும் குளிர்ந்துபோகாத வரை நன்றாகவே சுழலும். ஆனால் காரின் கம்ப்யூட்டரை எழுப்ப 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால் பெரிய பேட்டரி இருந்தும் பயனில்லை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது சரிதானே!

மனிதன் கண்ட வழி

ஃபேர்பேங்க்ஸில் கார் நிறுத்தும் இடங்களில் மின்சார பிளக் இருக்கும். பெட்ரோல் காரைக்கூட செல்போன் மாதிரி சொருகி வைப்பார்கள். சார்ஜ் ஏற்ற இல்லை, இன்ஜினைச் சூடாக வைக்க! இதற்குப் பெயர் பிளாக் ஹீட்டர். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில், அமெரிக்காவில் விற்ற கார்களில், இன்ஜினின் சுடுதிரவம் சுமார் 3 லிட்டரை ஒரு பிளாஸ்க்கில் பிடித்து வைத்தார்கள். 3 நாள் வரை சூடு தாங்கும். நம்ம வீட்டு டீ பிளாஸ்க் தத்துவம்தான்!

ஆகவே நண்பர்களே, ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று கேட்கும் முன், "எந்த ஊரில்? எந்தக் காலத்தில்?" என்றும் கேட்போம். அதுதான் அறிவியல்.

யோசியுங்கள்: மைனஸ் 40 டிகிரி செல்சியஸை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது!