பங்கு பிரிந்தால் கணக்கு எழுதுவது எப்படி?

நம் அங்கத்தினர்களுள் சிலர், சங்கப் பங்கோடு கம்பெனிப் பங்குகளிலும் தம் சேமிப்பை இட்டு, அக்கணக்கைக் கணிப்பொறியில் எழுதி வருகின்றனர். ஒரு கம்பெனி தன் தொழிலின் ஒரு பகுதியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே அளிக்குமாயின், அதனை எவ்வாறு எழுதுவது? பலரும் தவறும் இடம் இதுவே.

ஒரு நிலத்தை இரண்டு பட்டாவாகப் பிரிப்பதால், அதற்கு நாம் கொடுத்த கிரயம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது இரண்டு பட்டாவிலும் பங்கிடப்படுகிறது. பங்குப் பிரிவினையும் அத்தகையதே. புதிய பங்கு வருமானமன்று, இலவசமும் அன்று.

2023-ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியிலிருந்து ஜியோ பைனான்சியல் சர்வீசஸ் பிரிந்தது. ஜூலை 20-ஆம் தேதியன்று ரிலையன்ஸ் பங்கு ஒன்று வைத்திருந்தவருக்கு ஜியோ பங்கு ஒன்று கிடைத்தது. வாங்கிய விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கும், 4.68 சதவீதம் ஜியோவுக்கும் உரியதெனக் கம்பெனி அறிவித்தது. இவ்விகிதம் சந்தை விலையைக் கொண்டு வருவதன்று. பிரிந்து சென்ற சொத்தின் நிகரப் புத்தக மதிப்பைக் கொண்டு வருவது. பிரிவினைக்குப் பிரிவினை அது மாறும்.

ஒருவர் 10 ரிலையன்ஸ் பங்குகளை ரூ. 20,000-க்கு வாங்கியிருந்தார் என்று கொள்வோம். ஜியோவின் பாகம் ரூ. 936, ரிலையன்ஸில் எஞ்சுவது ரூ. 19,064.

க்னூகேஷ் போன்ற இரட்டைப் பதிவு மென்பொருளில், முதலில் ஜியோவுக்கெனத் தனிப் பங்குக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். பின்பு ஒரே பதிவில், ரிலையன்ஸ் கணக்கில் பங்கு எண்ணிக்கையையும் விலையையும் வெறுமையாக விட்டு, ரூ. 936-ஐக் கழிக்க வேண்டும். ஜியோ கணக்கில் 10 பங்குகள், ஒவ்வொன்றும் ரூ. 93.60 வீதம், ரூ. 936 எனச் சேர்க்க வேண்டும். பணக் கணக்கைத் தொடலாகாது. பல தேதிகளில் வாங்கியிருப்பின், ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனித்தனியே கணக்கிடுவது நலம்.

ஜியோவை இலவசமென்று பூஜ்ய விலையில் எழுதினால் விளைவது யாது? பின்னர் அந்தப் பத்துப் பங்குகளையும் ரூ. 2,500-க்கு விற்கும்பொழுது முழுத்தொகையும் லாபமாகத் தோன்றும். உண்மை லாபம் ரூ. 1,564 மட்டுமே. அதனை நம்பி வரி கட்டினால், இல்லாத லாபத்துக்கு வரி கட்டியவர் ஆவோம்.

தேதியும் முக்கியம். இப்பிரிவினை நடந்தபோது செயலில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின்படி, புதிய பங்கை வைத்திருந்த காலம் பழைய பங்கை வாங்கிய நாள் முதலே எண்ணப்படும். ஆகவே அந்நாளைப் பதிவின் குறிப்பில் எழுதி வைப்பீர்களாக.

வாங்கிய சீட்டையும் கம்பெனியின் விகித அறிவிப்பையும் பத்திரப்படுத்துங்கள். இன்று எழுதும் ஒரு வரி, விற்கும் நாளில் வீண் நஷ்டத்தைத் தவிர்க்கும்.