ஓசையறிந்து குறையறிதல்

பேசாப் பொருள்களும் தம் குறையை உணர்த்துதல் உண்டு. வண்டியின் அச்சு கிறீச்சிடும். கதவின் கீல் முனகும். மோட்டார் எஞ்சின் ‘டிக், டிக்’ என ஒலிக்கும். அவ்வொலியைக் கேட்டவுடன் கைக்கு அகப்பட்ட கருவியை எடுத்துத் திருகத் தொடங்குவார் பலர். நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவத்தில் இறங்கவேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் நெறி. அந்நெறி இயந்திரத்துக்கும் பொருந்துமாற்றைப் பழைய ஸ்போட்ஸ் காரொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

எடுத்துக்கொண்ட கார் எம்.ஜி.பி. என்பது. இங்கிலாந்தில் அபிங்டன் நகரிலிருந்த தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. இதன் எஞ்சின் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், நான்கு சிலிண்டர்களும், எட்டு வால்வுகளும் உடையது. ‘பி வரிசை’ எனப்படும் இவ்வெஞ்சினின் இனத்தைச் சேர்ந்த சிறிய எஞ்சின்களே, மூத்த பழைய மாணவர்கள் நன்கறிந்த மொரிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களிலும் இருந்தன. ஆதலின், ஸ்போட்ஸ் காரிற் கால்வையாதவர்க்கும் இவ்விளக்கம் பயன்படும்.

முதலில் ஒலி பிறக்குமாற்றை அறிதல் வேண்டும். கிராங்குத் தண்டு இருமுறை சுழலுங்கால் கேம் தண்டு ஒருமுறை சுழலும். கேம் தண்டிலுள்ள மேடு ‘டப்பெற்’ எனும் சிறு கிண்ணத்தை உயர்த்தும். அது தள்ளுகோலை உயர்த்தும். தள்ளுகோல் றொக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கும். கிணற்றுத் துலாவைக் கண்டவர்க்கு றொக்கரின் தொழிலை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வால்வு மூடியிருக்கும்போது அதன் தண்டின் நுனிக்கும் றொக்கருக்கும் இடையே சிறிது வெளி இருத்தல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அவ்வெளி 0.015 அங்குலம், அஃதாவது 0.38 மில்லிமீற்றர். சூட்டினால் உலோகம் விரிவதற்கு இடந்தருதலே அதன் நோக்கம். இவ்வெளியைக் கடந்து றொக்கர் வால்வைத் தொடுந்தோறும் ஒரு சிற்றொலி எழும். எனவே, இவ்வகை எஞ்சினில் மெல்லிய டிக் ஒலி நோயன்று, இயல்பே. எட்டும் ஒத்து ஒலிப்பின் அது தையல் இயந்திரத்தின் ஓசைபோற் சீராயிருக்கும். எட்டில் ஒன்று தனித்து ஓங்கும்போதே ஆராய்ச்சி தொடங்கவேண்டும்.

தமிழாசிரியன் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனென்று வினவுவார்க்கு விடை இதுவே. நம் இலக்கணம் எழுத்தொலியை மாத்திரையால் அளக்கின்றது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. எஞ்சினின் ஒலிக்கும் அத்தகைய கால அளவு உண்டு. ஓரிடத்தில் நின்று ஓடும் எஞ்சின் நிமிடத்துக்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு வால்வு அந்நிமிடத்தில் 400 முறையே திறக்கும். செக்கனுக்கு ஏறத்தாழ ஏழு முறை. கிராங்குத் தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் எழும் ஒலியோ செக்கனுக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் வரும். டைமிங் லைட்டை ஒரு பிளக்கின் வயரில் மாட்டினால் அவ்விளக்கு இரு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். மின்னலும் ஒலியும் ஒரே வேகத்தில் வரின், குறை வால்வுப் பகுதியிலோ, ஒரு சிலிண்டரின் புகைக் கசிவிலோ இருத்தல் கூடும். ஒரு மின்னலுக்கு இரண்டு ஒலி வரின், கிராங்குத் தண்டோடு சுழலும் பகுதிகளை நோக்கவேண்டும். எனினும் தாளம் வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறாது. தீர்ப்புக்குப் பின்வரும் சோதனைகள் வேண்டும்.

முதற்சோதனை எஞ்சினை இயக்குமுன் செய்யப்படுவது. சாவியை இக்னிஷன் வரையில் மட்டும் திருப்புக. காரின் பின்பகுதியிலுள்ள எஸ்.யு. மின்பம்பு டிக் டிக்கென ஒலித்துப் பெற்றோலை அனுப்பி, காபுரேற்றர்க் கிண்ணங்கள் நிறைந்ததும் அடங்கும். எஞ்சினின் ஒலியென மயங்கியது இதுவாகவும் இருக்கலாம். அடங்காது ஒலிப்பின் தாங்கி வெறுமையாயிருத்தல், குழாயிற் காற்றுப் புகுதல், கிண்ணத்தின் ஊசி மூடாமை என்பவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

இரண்டாவது, குளிர்ந்த எஞ்சினை இயக்கிக் கேட்டல். கழிவுப்புகை செல்லும் மனிபோல்ட் எஞ்சினோடு பொருந்துமிடத்தில் காஸ்கெற் பழுதுற்றால், புகை அவ்விடுக்கால் பீறிடும்போது டப்பெற்றின் ஒலி போன்ற ஒலியே கேட்கும். குளிர்ச்சியில் ஓங்குதலும், சூடேறியதும் தணிதலும், மூட்டிற் கரி படிதலும் இதன் அடையாளங்கள். இறப்பர்க் குழாயின் ஒரு முனையைச் செவியருகே பிடித்து, மறுமுனையை மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால் கசிவின் இடம் புலப்படும். தளர்ந்த ஸ்பார்க் பிளக்கும் இவ்வாறே ஒலிக்கும். இக்குறைக்கு றொக்கரைத் திருகுதல் வீண்.

மூன்றாவது, இடமறிதல். பிரான்சிய வைத்தியர் லெனெக் 1816இல் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டமையே ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். நமக்கு ஒரு நீண்ட மரக்கோல் போதும். அதன் ஒரு முனையை எஞ்சினின் வெவ்வேறு பகுதிகளில் ஊன்றி, மறுமுனையைச் செவியருகே வைத்துக் கேட்க. விசிறியும் பெல்ற்றும் சுழலுமிடத்துக்குச் சால்வையும் தளர்ந்த உடையும் ஆகா.

நான்காவது, ஒரு சிலிண்டரை ஓயவைத்தல். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சினின் உலோகத்தோடு பிணைத்து, மீண்டும் சிறிது நேரம் இயக்குக. நான்கு சிலிண்டருக்கும் இவ்வாறே செய்க. எதனை ஓயவைத்தாலும் ஒலி மாறாதாயின் குறை பெரும்பாலும் வால்வுப் பகுதியிலேயே உளது. ஒன்றை ஓயவைக்கும்போது தணியுமாயின், அச்சிலிண்டரின் புகைக் கசிவோ, இணைப்புத் தண்டின் பெயரிங்கோ ஐயத்துக்குரியது.

குறை வால்வுப் பகுதியிலென்று தெளிந்தபின் பீலர் கேஜை எடுக்கலாம். எட்டு வால்வுகளுக்கும் முன்னிருந்து வரிசையாக இலக்கமிட்டால், ‘ஒன்பது’ என்னும் எளிய கணக்கு உதவும். எட்டாம் வால்வு முற்றத் திறந்திருக்கையில் முதலாவதன் வெளியை அளக்கவேண்டும். ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. இரண்டும் கூட்ட ஒன்பது வருதல் விதி. ஆயினும் இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. நெடுங்காலம் உழைத்த றொக்கரின் முகத்தில் வால்வு தொடுமிடம் குழிந்துவிடும். நேரான கேஜ்த் தகடு குழியினுள் வளையாது, அதன் இரு கரைகளிலும் தங்கும். அளவு 0.015 எனக் காட்டினும் உண்மையான வெளி அதனிற் பெரிதாகும். அளந்தும் ஒலி அடங்காமைக்கு இதுவே காரணமாயிருத்தல் உண்டு. மருந்து றொக்கரைப் புதுப்பித்தல், மேலும் திருகுதலன்று.

ஒலியை எவ்வாறேனும் அடக்கவேண்டும் என்னும் ஆசையினால் வெளியை 0.015இற் குறைய வைப்பாருமுளர். எஞ்சின் உடனே இனிமையாக ஓடும். ஆனால் சூடேறித் தண்டு நீண்டதும் வால்வு தன் இருக்கையில் முழுதும் பொருந்தாது. கழிவு வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கையைத் தொட்டிருக்கும் வேளையிலேயே இழப்பது. அத்தொடர்பு குறையின் வெப்பம் தேங்கி, விளிம்பு எரிந்து, சிலிண்டர் அமுக்கம் இழக்கும். பின்னர் எஞ்சின் தலையைக் கழற்றி வால்வை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. ஒலிக்கும் வால்வினும் ஒலியாத வால்வே அஞ்சத்தக்கது என்று மூத்த மெக்கானிக்குகள் கூறுவது இதுபற்றியே.

சரியாக அமைத்த வெளி சில நூறு மைலில் மீண்டும் பெருகுமாயின் கேம் தண்டின் மேடும் டப்பெற்றும் தேய்கின்றன எனக் கொள்க. புதுக்கார்களின் புகை சுத்திகரிக்கும் கருவியைக் காப்பதற்காக, இக்கால எண்ணெய்கள் பலவற்றில் தேய்வு தடுக்கும் துத்தநாக, பொஸ்பரசுச் சேர்மம் குறைக்கப்பட்டுள்ளது. ஆதலின் பழைய எஞ்சினுக்கு அச்சேர்மம் போதியவாறுள்ள எண்ணெயைத் தேர்ந்திடல் நன்று. ஒலியை மறைக்கத் தடித்த எண்ணெயை ஊற்றுதல் மருந்தாகாது.

டிக் ஒலியினின்று வேறாகக் கனத்த ‘டொக், டொக்’ ஒலி ஏற்றத்தில் ஏறும்போது ஓங்கி, எண்ணெய் அமுக்கமும் தாழுமாயின் காரை அப்பொழுதே நிறுத்துக. சூடேறி ஓடும் இவ்வெஞ்சினுக்கு அவ்வமுக்கம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல் இருத்தல் முறை. பெயரிங் தேய்ந்த நிலையில் மேலும் ஓட்டின், இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்தல் கூடும்.

ஆகவே, காரைக் கராஜுக்குக் கொண்டு செல்வோர் ‘சத்தம் கேட்கிறது’ என்று மட்டும் உரையாது, அது குளிரிலோ சூட்டிலோ, நிற்கையிலோ ஏற்றத்திலோ, எவ்வளவு விரைவாக, எப்பக்கத்திலிருந்து வருகின்றது என்பவற்றைக் குறித்துக்கொண்டு சென்று கூறுக. மாணவர்களும் வீட்டிலுள்ள நீர்ப்பம்பிலோ தையல் இயந்திரத்திலோ இப்பயிற்சியைத் தொடங்கலாம். குறிப்பெழுதும் பழக்கம் கைவந்தபின் கருவிப் பெட்டியைத் திறத்தல் தகும்.