மயங்கி விழுந்தா மாத்திரையா, பேஸ்மேக்கரா?

(எபிசோடில் பேசியதன் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு மயக்கத்தைப் பத்திப் பேசப் போறோம். காலேஜ் விழாவுல நிக்கும்போது, பஸ் நெரிசல்ல, ரத்தம் எடுக்குற ஊசியைப் பார்த்ததும், இல்லன்னா வீட்ல தாத்தா படுக்கையை விட்டு எழும்போது, யாராவது பொத்துனு விழுந்தா நாம எல்லாத்துக்கும் ஒரே பேர் வச்சிடுறோம்: "லோ பிபி".

ஆனா அந்த ஒரே பேருக்குள்ள குறைஞ்சது மூணு வேற பிரச்சினை இருக்கு. அதுல ஒண்ணு உயிருக்கே ஆபத்து. மூணுக்கும் வைத்தியமும் வேற. எது எதுன்னு பிரிக்கத் தெரிஞ்சா போதும், பாதி கிணறு தாண்டின மாதிரி.

சும்மா தியரியா சொல்லாம, சங்கரன்கோவில் ஆடித்தபசை எடுத்துக்குவோம். ஆடி மாசத்துல 12 நாள் திருவிழா. நேர்த்திக்கடனா கோயிலை 101 தடவை, அதுக்கு மேலயும் சுத்தி வர்றவங்க உண்டு. இதுக்கு ஆடிச்சுற்றுன்னு பேர். தபசுக் காட்சி அன்னைக்கு ரத வீதியில நெருக்கியடிச்சு மணிக்கணக்கா நிப்பாங்க. சுத்துறது கஷ்டமா, நிக்கறது கஷ்டமா? மயக்கத்தைப் பொறுத்தவரைக்கும் நிக்கறதுதான்.

நாம எழுந்து நின்னதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் வயித்துக்கும் காலுக்கும் இறங்கிடும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒரு பம்ப் மாதிரி அதைப் பிழிஞ்சு மேல அனுப்பும். அசையாம நின்னா அந்த பம்ப் ஆஃப். கூடவே வெயில், விரதம், தண்ணி குடிக்காத வயிறு. ஒரு கட்டத்துல நரம்பு மண்டலம் தலைகீழா வேலை செய்யுது. துடிப்பு வேகமாகணும், ஆனா குறையுது. ரத்தக் குழாய் இறுகணும், ஆனா தளருது. மூளைக்கு ரத்தம் பத்தாம ஆள் சரியறார்.

இதுதான் முதல் வகை. வேசோவேகல் மயக்கம்னு 1932-ல பிரிட்டிஷ் டாக்டர் தாமஸ் லூயிஸ் பேர் வச்சார். அவர் கவனிச்ச ஒரு விஷயம் முக்கியம். அட்ரோபின் மருந்து கொடுத்ததும் துடிப்பு ஏறுச்சு, ஆனா பிபி ஏறல. அதாவது, துடிப்பும் பிபியும் ஒண்ணு இல்ல. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு தானா சரியாகும்னு சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, எழுந்து நின்னதும் வர்ற பிபி வீழ்ச்சி. நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ குறைஞ்சா இதுன்னு எடுத்துக்கறாங்க. வயசானவங்க, ரொம்ப நாளா சர்க்கரை உள்ளவங்க, பார்க்கின்சன் உள்ளவங்களுக்கு அதிகம். பிபி மாத்திரை, நீர் பிரியுற மாத்திரை, புராஸ்டேட் மாத்திரைகூடக் காரணமாகலாம். அதனால சில பேருக்கு முதல் வைத்தியமே, இருக்குற மாத்திரையை டாக்டர் குறைக்கறதுதான். நீங்களா நிறுத்தாதீங்க.

மூன்றாவதுதான் ஆபத்தானது. இதயத்துக்குள்ள ஓடுற மின்சாரம் தடைபட்டு, துடிப்பு ரொம்பக் குறையும், இல்ல சில விநாடி நின்னே போகும். சில பேருக்கு துடிப்பு தாறுமாறா வேகமாகியும் மயக்கம் வரும், அதுக்கு வைத்தியம் வேற.

பேஸ்மேக்கர் பிறந்ததே இந்த நின்னு போற துடிப்புக்காகத்தான். ஸ்வீடன்ல ஆர்னே லார்ஸன்னு ஒருத்தர். ஒரு நாளைக்கு 20, 30 தடவை மயங்கி விழுவார். 1958 அக்டோபர்ல ஸ்டாக்ஹோம்ல, ரூனே எல்ம்க்விஸ்ட் செஞ்ச கருவியை சர்ஜன் ஓகே சென்னிங் அவர் உடம்புக்குள்ள வச்சார். உலகத்துலயே முழுசா உடம்புக்குள்ள வச்ச முதல் பேஸ்மேக்கர் அது. சில மணி நேரத்துலயே செயலிழந்துச்சு. ஆனா மனுஷன் விடல. அடுத்தடுத்து 20-க்கும் மேல கருவி மாத்தி, 2001 வரைக்கும், 86 வயசு வரை வாழ்ந்தார்.

அப்போ மயக்கம் வந்தா எல்லாருக்கும் பேஸ்மேக்கர் வச்சிடலாமே?

கூடாது. பேஸ்மேக்கர் துடிப்பைக் காப்பாத்தும், தளர்ந்த ரத்தக் குழாயை இறுக்காது. 2003-ல வெளியான ஒரு ஆய்வுல, வேசோவேகல் மயக்கம் உள்ள 100 பேருக்கு பேஸ்மேக்கர் வச்சு, பாதிப் பேருக்கு மட்டும் ஆன் பண்ணாங்க. ஆறு மாசத்துல ஆஃப்ல இருந்தவங்கள்ல சுமார் 40 சதவீதம் பேருக்கும், ஆன்ல இருந்தவங்கள்ல சுமார் 31 சதவீதம் பேருக்கும் மறுபடி மயக்கம். உறுதியா பலன்னு சொல்ல முடியாத வித்தியாசம்.

ஆனா 2012-ல இன்னொரு ஆய்வு. 40 வயசு தாண்டி, இதயம் நின்னு போறது கருவியில நிஜமாவே பதிவானவங்களை மட்டும் எடுத்தாங்க. ரெண்டு வருஷத்துல மறுபடி மயக்கம் வந்தவங்க 57 சதவீதத்துல இருந்து 25 சதவீதமா குறைஞ்சாங்க. ரெண்டுலயும் அதே பேஸ்மேக்கர்தான். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்ததுதான் வித்தியாசம்.

மாத்திரை எங்கே வேலை செய்யுது?

பிபி விழற வகைகள்ல. மிடோட்ரின் ரத்தக் குழாயை இறுக்கும். அடிக்கடி வேசோவேகல் மயக்கம் வர்றவங்கள்ல, ஒரு வருஷத்துல மறுபடி விழறதை 61 சதவீதத்துல இருந்து 42 ஆகக் குறைச்சுதுன்னு 2021 ஆய்வு சொல்லுது. மண்டைத்தோல் ஊர்ற மாதிரி இருக்கும், புல்லரிக்கும். படுத்தா பிபி எகிறும், அதனால கடைசி மாத்திரைக்கும் தூங்கறதுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேணும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் உப்பையும் தண்ணியையும் உடம்புல தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், அதனால ரத்தப் பரிசோதனை தேவை. இதய பலவீனம் உள்ளவங்களுக்கு இது ஆகாது. ரெண்டுமே டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்ல கேட்டு வாங்குற மாத்திரை இல்ல.

சில பேருக்கு ரெண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கும். அப்போ பேஸ்மேக்கரும் வேணும், மாத்திரையும் வேணும். "பேஸ்மேக்கர் வச்சும் தலை சுத்துதே, மெஷின் கோளாறா?"ன்னு பயப்படுறவங்களுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மெஷினையும் செக் பண்ணணும், நிக்க வச்சு பிபியையும் பார்க்கணும்.

எது சாதாரணம், எது ஆபத்து?

நின்னுக்கிட்டு இருக்கும்போது, வேர்த்து, குமட்டி, கண் இருட்டிக்கிட்டு வந்து, படுத்ததும் தெளிஞ்சா பெரும்பாலும் முதல் வகை. ஆனா நடக்கும்போதோ ஓடும்போதோ விழுந்தா, உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது நினைவு போனா, எந்த முன்னறிவிப்பும் இல்லாம விழுந்து முகத்துல அடிபட்டா, நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தா, குடும்பத்துல சின்ன வயசுல திடீர் மரணம் இருந்தா, "வெயில்தான்"னு விட்டுடாதீங்க. அன்னைக்கே ஈசிஜி எடுக்கணும். அதுனால ஆடிச்சுற்றுல நடந்துக்கிட்டே ஒருத்தர் சரிஞ்சா, நின்னு களைச்சு சரிஞ்சவரை விட அவரைப் பத்தித்தான் அதிகமா கவலைப்படணும்.

கூட்டத்துல யாராவது விழுந்தா?

நாம பாசத்துல செய்யுற தப்பு, தூக்கி நிறுத்தறதும் வாயில சோடா ஊத்தறதும். நிறுத்தினா மூளைக்கு ரத்தம் போகாது, ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போகும். மல்லாக்கப் படுக்க வைங்க, காலைத் தூக்கிப் பிடிங்க, காத்து விடுங்க. ஒரு நிமிஷத்துல தெளியலன்னா 108. மூச்சே இல்லன்னா நெஞ்சை அழுத்தி சிபிஆர்.

உங்களுக்கே கண் இருட்டுற மாதிரி வந்தா, காலைப் பின்னி தொடையையும் வயித்தையும் இறுக்குங்க, இல்ல ரெண்டு கையையும் கோத்து எதிரெதிரா இழுங்க. பிபி கொஞ்சம் ஏறும், உட்கார இடம் தேட நேரம் கிடைக்கும். வெட்கப்படாம தரையிலயே உட்காருங்க.

கடைசியா ஒரு வேலை. ஊர்ல இருக்குற அப்பா அம்மாவுக்கு இன்னைக்கு ராத்திரி போன் போடுங்க. "எப்பவாவது மயக்கம் வந்துச்சா?"ன்னு மட்டும் கேட்காதீங்க, "ஒண்ணுமில்லப்பா"ன்னு முடிச்சிடுவாங்க. என்ன செஞ்சுட்டு இருந்தாங்க, நின்னாங்களா உட்கார்ந்தாங்களா, முன்னாடி என்ன தோணுச்சு, என்னென்ன மாத்திரை போடுறாங்கன்னு கேட்டு எழுதிக்கோங்க. டாக்டர் முதல்ல கேட்கப் போறதும் இதைத்தான். அந்த பதில்லதான் மாத்திரையா பேஸ்மேக்கரான்னு தெரிய ஆரம்பிக்கும்.